இன்குபேட்டருக்கு ஓய்வு கொடுத்த ஆயுதபூஜை

எனக்கு மூக்குமேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஆயுதபூஜை வரைக்கும் நான் அதை ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில் வேலை. கோழிக்குஞ்சின் வாலடியில் பயறு அளவுக்கு ஒரு பை உண்டு. நோயை எதிர்க்கிற செல்கள் வளர்வது அதில்தான். பதினெட்டு நாள் அடையிலிருந்த முட்டையைத் திறந்து, அந்தத் திசுவை எடுத்துக் கிண்ணத்தில் உயிரோடு வளர்ப்பது என் ஆராய்ச்சி. அப்புறம் நோய்க்கிருமியைக் கோழிக்குக் கொடுக்காமல் கிண்ணத்திலேயே சோதிக்கலாம். மூன்று வருஷப் பாடு. இன்னும் பத்து நாளில் முடிவு காட்டாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். கடைசிக் கிண்ணங்கள் இன்குபேட்டரில், மாறாத சூட்டில் இருந்தன.

ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் லேப் உதவியாளரிடம், "அண்ணே, எல்லா மெஷினையும் தொடச்சுப் பொட்டு வச்சிடுங்க" என்றேன். விஜயதசமி காலையில் வந்து பார்த்தால் இன்குபேட்டர் சில்லென்று கிடக்கிறது. கதவில் சந்தனம், குங்குமம். மேலே பொரிகடலை. உள்ளே கிண்ணங்களில் திசு எல்லாம் செத்திருந்தது.

"வருஷம் பூரா ஓடுதுல்ல மேடம், ஒரு நாளாவது ஓய்வு வேணாமா? நீங்க வந்து உங்க கையால ஆன் பண்ணணும்னு வச்சிருந்தேன்."

ஐயோ! வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அதை மட்டும் அணைக்காதீங்க என்று நான்தான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவர் அதைச் சுட்டிக்காட்டவில்லை. "திரும்ப ஆரம்பிக்க என்ன வேணும்?" என்றுதான் கேட்டார்.

"பதினெட்டு நாள் முட்டை. பண்ணையில இன்னைக்கு அடைவச்சா எப்ப கெடைக்கும்? எல்லாம் முடிஞ்சுது, போங்க!"

மறுநாள் காலை மொபெட்டில் வந்து இறங்கினார். தவிடு நிரப்பிய தூக்குவாளிக்குள் பதினோரு முட்டை, சூடு ஆறாமல். எந்தக் கோழி என்றைக்கு அடையில் உட்கார்ந்தது என்று தன் தெருவில் வீடு வீடாக விசாரித்திருக்கிறார்.

"சரியா பதினெட்டு நாளுங்க. ரெண்டு வீட்ல குடுத்தாங்க. கோழி நோய் ஆராய்ச்சிக்குன்னேன், மறுபேச்சு இல்ல."

மூன்று நாள் விட்டிருந்தால் பதினொன்றும் குஞ்சாகியிருக்கும். "மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன். "அட, வேலையப் பாருங்க மேடம்" என்றார்.

திசு வளர்ந்தது. திட்டம் பிழைத்தது. நன்றி சொல்ல அந்தத் தெருவுக்குப் போனேன். முதல் வீட்டில் கோழி இன்னும் வெறும் கூடையில் அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அந்த அம்மா சொன்னார்: "அது நாலு நாள்ல தானா எந்திரிச்சிடும். உங்களுது வளந்துச்சாம்மா?"

"வளந்துச்சுங்க" என்றேன்.