உப்புப் பூத்த தெரு

செல்லக்கனி அக்காவின் படத்தில் தண்ணீர் ஏறுகிறது என்ற பேச்சு என் காதுக்கு வந்தபோது, அது ஏற்கெனவே நாலைந்து வாய் மாறியிருந்தது. அக்காவோடு சேர்ந்து படம் வரையும் விஜிலா வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். தருவைகுளத்தில் அவள் சித்தி வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர் சொன்னாராம். அவருக்கு ஏலம் போடும் இடத்தில் யாரோ சொன்னார்களாம்.

"தூத்துக்குடியில ஒரு பொம்பள வரைஞ்ச படம் வேர்க்குதாம் அண்ணன். வேர்த்தா மூணாம் நாள் மழையாம். படத்துக்குள்ள தண்ணி ஒவ்வொரு வெரக்கடையா ஏறுதாம். யாரச் சொல்லுதாவன்னு பாத்தா, நம்ம அக்காவ! நான் வாராவாரம் அந்தப் படத்துக்கு முன்னாலதான் உக்காந்து வரையுதேன். எனக்கே தெரியாத கதைய மீன்காரர் சொல்லுதாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தின் மறுபாதி, கனடாவின் கால்கரியில் என் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்குகிறது.

செல்லக்கனி என் கூடப்பிறந்த அக்கா. என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். கருப்பட்டி வியாபாரியான அப்பா அவளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, என்னை மட்டும் கல்லூரிவரை அனுப்பினார். அத்தான் காசிலிங்கம் துறைமுகத்தில் சரக்கு ஏஜென்சி ஒன்றில் வேலை பார்த்தார். அவர் மாரடைப்பில் போன பிறகு, பக்கிள் ஓடையிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டின் முன்னறையில் அக்கா கடை போட்டாள். முதலில் சார்ட், தெர்மாகோல், கலர் பென்சில் என்று பள்ளிக்கூடச் சாமான்கள்தான்.

ஒருநாள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் வந்து சாப் கிரீன் என்ற பச்சைச் சாய டியூப் கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். "இது கடலுக்கு ஆவுமா, உடைமரத்து இலைக்கு ஆவுமா?" என்று கேட்டார். அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை கடையிலிருந்த ஒவ்வொரு டியூபிலிருந்தும் ஒரு பொட்டுப் பிதுக்கி, சரக்கு வந்த அட்டைப்பெட்டிகளின் உள்பக்கமெல்லாம் தீற்றிப் பார்த்தாள். நாற்பத்தாறு வயதில் அவள் வரையத் தொடங்கியது இப்படித்தான். ரசனை, கனவு என்றெல்லாம் எதுவுமில்லை. வாடிக்கையாளர் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கடையிலேயே ஆறேழு பேர் கூடினார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் விஜிலா வந்து சேர்ந்தது அப்போதுதான். ஊருக்குப் போகும்போதெல்லாம் நானும் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். அக்கா வரைந்துகொண்டே பேசுவாள்.

"பிரஷ்ஷத் தண்ணிக்குள்ள நட்டு வைக்காதீய. முடி வளைஞ்சிரும், படுக்க வைங்க. வெள்ளைய டப்பாவுல தேடாதீய, காயிதத்துலயே விட்டு வைங்க. பேரப் பின்பக்கம் பென்சில்ல எழுதுங்க. பேனா மை பரவிப் போவும், பென்சிலு தண்ணிக்கு அழியாது."

அதைத் தண்ணீரே வந்து சோதித்துப் பார்த்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது அக்கா, சித்தப்பா மகள் உமாராணி வீட்டுக் கல்யாணத்துக்காகப் புதுக்கோட்டை போயிருந்தாள். திரும்பி வர நான்கு நாள் ஆயிற்று. கடைக்குள் ஜன்னல் அடிக்கட்டைவரை தண்ணீர் நின்று வடிந்திருந்தது. அதுவரை அவள் வரைந்த படங்கள் எல்லாம் ஒரே கூழாகப் பெட்டியோடு ஒட்டிக் கிடந்தன. கூழைப் பிரித்துப் பார்த்தபோது, சில துண்டுகளின் பின்னால் அவள் பெயர் மட்டும் அப்படியே இருந்ததாம்.

"நான் இங்கன இருந்திருந்தா பரண்ல தூக்கி வச்சிருப்பேம்ல" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். அதிலிருந்து ஐப்பசி பிறந்துவிட்டால் வீட்டைவிட்டு அசைய மாட்டாள். எனக்குக் கவலை அதுதான். அது தரைத்தளம் மட்டும் உள்ள வீடு. மொட்டைமாடிக்குப் போக வெளிப்பக்கம் ஓர் இரும்பு ஏணி இருக்கிறது. முழங்கால் தேய்ந்த அக்காவால் நாலு படிகூட அதில் ஏற முடியாது. இன்னொரு வெள்ளம் வந்தால் படங்களைக் காப்பாற்ற உள்ளே இருப்பாள். அவளைக் காப்பாற்ற அங்கே யாருமில்லை.

வேர்க்கிறது என்று பேசப்படும் உப்புப் படம் அந்த வெள்ளத்தைப் பற்றியதுதான். உப்பளங்களைக் கரைத்துக்கொண்டு வந்த தண்ணீர் வடிந்து காய்ந்ததும் தெரு முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. கடை, நீலக் கதவு, சுவரில் தண்ணீர் நின்ற பழுப்புக் கோடு, முன்னால் வெளுத்த தெரு. அதை வரைய அக்கா ஒரு உத்தியைப் பிடித்தாள். நிறத்தைத் தண்ணீராகக் கரைத்துப் பூசி, அதன் பளபளப்பு மங்கத் தொடங்கும் நேரத்தில் உப்பைத் தூவினால், ஒவ்வொரு பரலும் சுற்றியுள்ள நிறத்தை உறிஞ்சிப் பூப்பூவாக வெளுக்கும். காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட வேண்டும். அவள் பார்த்துப் பழகிய யூடியூப் வீடியோவில் பாக்கெட் உப்புதான் போடச் சொல்கிறார்கள்.

தூத்துக்குடியில் படத்துக்குத் தூவ யார் பாக்கெட்டைப் பிரிப்பார்கள்? உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கும் தளவாய் அண்ணாச்சி ஒரு பை நிறையக் கச்சா உப்பு கொடுத்தார். பூ பெரிதாகப் பூத்தது. ஒட்டிக்கொண்ட பரல்களை உதிர்க்க அக்காவுக்கு மனம் வரவில்லை. "நெசமான தெரு மாதிரியே இருக்கு, விட்டுறு" என்றாள். சுத்தம் செய்யாத கடலுப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இதை ஈரம் உறிஞ்சிக் கரைதல் என்று படித்திருக்கிறேன். அன்று பக்கத்தில் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. சென்ற மே மாதம், ஒரே தாளை இரண்டாகக் கிழித்து அதே தெருவை இரண்டு தடவை வரைந்தாள். ஒன்றை அவள் வைத்துக்கொண்டாள். மற்றொன்றின் பின்னால் 'தம்பிக்கு, செல்லக்கனி' என்று பென்சிலில் எழுதி என் பெட்டியில் வைத்தாள்.

அக்டோபரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிற்றுக்கிழமைக் குழுவின் கண்காட்சி நடந்தது. இரண்டாம் நாள் அவள் படத்தின் அடியில் ஈரம் கசிந்தது. மறுநாளுக்கு மறுநாள் மழை. அதன் பிறகு, தளவாய் அண்ணாச்சி காலையில் டீ குடிக்கப் போகிற வழியில் கடையில் தலையை நீட்டுவது வழக்கமாயிற்று.

"ஏளா செல்லக்கனி, உப்புக் குவியலுக்குத் தார்ப்பாய் போடவா வேண்டாமா? உம் படத்தக் கேட்டுச் சொல்லு."

"ரேடியோவக் கேளுங்க அண்ணாச்சி."

"ரேடியோக்காரன் சென்னைக்குச் சொல்லுதான். உம் படந்தான் எம் பாத்திக்குச் சொல்லுது."

இதுவரைக்கும் எல்லாவற்றுக்கும் என்னிடம் விளக்கம் இருந்தது.

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை, வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது என் படத்தின் அடிப்பகுதி கறுத்திருப்பதைப் பார்த்தேன். தெருவிலிருந்த உப்புப் பரல்கள் கரைந்திருந்தன. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. நவம்பரில் கால்கரி எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டும். வெளியே பனி. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி ஓடி உதடு வெடிக்கும், கதவுப்பிடியைத் தொட்டால் பொறி பறக்கும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிப் படத்துக்குக் கீழே வைத்தேன். பத்தொன்பது சதவீதம் காட்டியது. தளவாய் அண்ணாச்சியின் உப்பளம் முழுவதையும் கொண்டுவந்து கொட்டினாலும் அந்தக் காற்றில் ஒரு பரல்கூட நனையக் கூடாது.

புதன்கிழமை ஈரம் படத்திலிருக்கும் கடையின் சுவரில் ஏறியது. சுவரில் உப்பே கிடையாது. வியாழக்கிழமை மாலை, பழைய வெள்ளத்தின் பழுப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. அக்காவை அழைத்தேன். அங்கே வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி.

"ஏலே, சாப்ட்டியா? என்ன இந்நேரத்துல?"

"அக்கா, உன் படம் எப்படி இருக்கு?"

"காஞ்சு கெடக்கு. நல்ல வெயிலு. தளவாய் அண்ணாச்சி இப்பதான் கேட்டுட்டுப் போறாரு, தார்ப்பாயே வேண்டாம்னுட்டேன்."

"இங்க ஈரம் கோட்டைத் தாண்டிருச்சு."

"எந்தக் கோட்ட?"

"வெள்ளக் கோட்டை."

அவள் சிரித்தாள். "கனடாக்காரன் வீட்டுக் குழாய் ஒழுகுதோ என்னவோ. எஞ்சினியருக்குப் படிச்சவன் பேசுத பேச்சா இது? போட்டோ அனுப்பு, பாப்போம்."

அனுப்பினேன். நீலக் குறி இரண்டும் விழுந்தன. தெருவில் பால்காரரின் பைக் சத்தம் மட்டும் கேட்டது.

"தம்பி" என்றாள். அவள் என்னை 'ஏலே' போடாமல் கூப்பிடுவது அபூர்வம். "நான் கதவச் சாத்தித்தான வரைஞ்சேன்?"

பெரிதாக்கிப் பார்த்தேன். நீலக் கதவு இருந்த இடத்தில் நீலம் ஒழுகித் தெருவோடு கலந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் கறுப்பாக நீளவாக்கில் ஒரு சந்து. கதவு பாதி திறந்து நிற்பது போலவேதான் இருந்தது.

"ஈரத்துல கலர் எளகிருக்கும்க்கா."

"எளகினா வெளுக்கணும். கறுக்கக் கூடாதுல்லா? அந்த எடத்துல நான் கறுப்பே வைக்கலையே."

எழுந்து போய்ச் சுவரிலிருந்த படத்தையே பார்த்தேன்.

"ஏலே, அந்தப் படத்தக் கழத்திக் கவுத்து வையி. பாத்துக்கிட்டே இருக்காத."

"நீ இப்பவே புதுக்கோட்டைக்குப் போயிரு. உமாராணிகிட்ட நான் பேசுறேன்."

"போன தடவ அப்படிப் போய்த்தான எல்லாத்தையும் கூழாக்கினேன்? படத்த விட்டுட்டுப் போவ மாட்டேன்."

"படத்தையும் கொண்டு போ!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கி வந்தாள். விஜிலா வீடு முதல் மாடி. நாளைக் காலை அவளுக்கு வேலையில்லை. இருபத்திரண்டு படங்களையும் ஆட்டோவில் அங்கே ஏற்றிவிட்டு, கடைசி நடையில் அவளும் போய்விடுவாள். "போதுமால? இப்பமாவது போய்ச் சோத்தத் தின்னு."

போனை வைத்ததும் படத்தைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

இன்று வெள்ளிக்கிழமை இரவு. அங்கே சனிக்கிழமை விடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. விஜிலாவிடமிருந்து மூன்று குரல் பதிவுகள் வந்திருக்கின்றன. முதலாவதில் கையில் பெட்டியோடு மாடிப்படி ஏறும் மூச்சு: "ரெண்டு ஆட்டோ வந்துட்டு அண்ணன். இருபத்தோரு படம், எண்ணிட்டேன். செவுத்துல இருக்க உப்புப் படத்த மட்டும் கழத்திட்டு அடுத்த நடையில வாரேன்னாவ. இங்கன லேசாத் தூறுது."

இரண்டாவதில் அவள் குரலைவிட மழையின் சத்தம்தான் பெரிதாக இருந்தது. "ஆட்டோக்காரன் திரும்பி வந்துட்டான். பக்கிள் ஓட நெறஞ்சு தெருவுக்குள்ள தண்ணி வருதாம், வண்டி போவாதாம். அக்கா கதவத் தெறந்து வச்சு நிக்காவளாம். அவன் கூப்ட்டதுக்கு, படம் வேர்க்க ஆரம்பிச்சிட்டு, தொடச்சிட்டு வாரேன்னாவளாம்."

மூன்றாவதில், "தளவாய் அண்ணாச்சி கயிறு எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு. நீங்க அக்காவுக்குப் போன் போட்டுக்கிட்டே இருங்க" என்று மட்டும் இருக்கிறது. அது வந்து நாற்பது நிமிடமாகிறது.

போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். வாட்ஸ்அப் அழைப்பில், அங்கே போன் செத்திருந்தால் திரையில் 'காலிங்' என்று மட்டும் நிற்கும். 'ரிங்கிங்' என்று வருகிறது. அப்படியென்றால் அது அங்கே நனையாமல் எங்கேயோ இருக்கிறது. அவளும் அதன் பக்கத்தில்தான் இருப்பாள். மேசை மேலோ பரணிலோ, ஏதோ ஒரு உயரத்தில் என்று யோசிக்கிறேன், முழங்கால் நினைவு வருகிறது, யோசிப்பதை நிறுத்திக்கொள்கிறேன்.

படத்தை நிமிர்த்திப் பார்க்கவில்லை. அவள் சொன்னபடி கவிழ்ந்தே கிடக்கிறது. ஆனால் தாளின் பின்பக்கம் எனக்குத் தெரிகிறது. கீழிருந்து கறுத்துக்கொண்டு வந்த ஈரம், நான் இரண்டாவது முறை அழைத்தபோது 'தம்பிக்கு' என்பதைத் தொட்டது. இப்போது அவள் பெயருக்கு மேலே போய்விட்டது. பென்சில் எழுத்து அழியவில்லை.

மறுபடியும் போட்டிருக்கிறேன். ரிங்கிங்.