சீர்வரிசையில் ஒரு மாத்திரை

மருந்து ஆராய்ச்சியில் மருந்தோடு மல்லுக்கட்டுவது கொஞ்சம்தான். அதை விழுங்கவேண்டிய மனிதரோடு மல்லுக்கட்டுவதுதான் மிச்சமெல்லாம். முனைவர் பட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு முழி பிதுங்கி நிற்கும் சக பாவிகளே, உங்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. எனக்கு வாய்த்தது புராஸ்டேட் புற்றுநோய், அதுவும் எலும்புவரை பரவிய நிலை. நோயாளிகளில் பாதிப் பேருக்கு வழக்கமான ஊசி மட்டும். மீதிப் பேருக்கு ஊசியோடு புது மாத்திரையும். கோவில்பட்டியைச் சுற்றிய ஊர்களில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்புவது என் வேலை.

கேட்கக் கூடாத கேள்வி

எப்போதும்வென்றான் என்கிற கிராமத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் எனக்கு இரண்டு நோயாளிகள். சுப்பையா உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவர். பெருமாள் தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். சுப்பையாவின் மகளைப் பெருமாளின் மகனுக்குக் கொடுத்திருக்கிறது, அடுத்த தெருதான்.

ராத்திரி சிறுநீருக்காக எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள் என்று நான் கேட்டாக வேண்டும். கல்யாணமாகாத பெண் கேட்கிற கேள்வியா இது? சுப்பையா மேலே ஓடும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமாள்தான் என்னைக் காப்பாற்றினார்: “எழுதிக்கோங்க தாயி. அவிய வீட்டு லைட்டும் எரியும், எங்க வீட்டு லைட்டும் எரியும். சம்பந்தம் பேசும்போது இந்தப் பொருத்தத்த மட்டும் ஒருத்தரும் பாக்கல.”

கம்ப்யூட்டர் போட்ட சீட்டு

யாருக்கு மாத்திரை என்பதை டாக்டர் முடிவு செய்வதில்லை, நானும் இல்லை. கம்ப்யூட்டர் சீட்டுப் போடும். சுப்பையாவுக்கு விழுந்தது, பெருமாளுக்கு விழவில்லை. பெருமாள் “சரி” என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். எனக்கு அவர் முதுகைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

காலையில் வெறும் வயிற்றில் பெரிய மாத்திரை இரண்டு, சின்ன மாத்திரை ஒன்று; யாருக்கும் பங்கு கொடுக்கக் கூடாது என்று சுப்பையாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “பொண்ணக் குடுத்தவன் நானு. இத நான் மட்டும் வச்சுக்கிட்டா மக வீட்டுப் படிய எப்படி மிதிக்க?”

யார் ரத்தம்?

சில மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு ரிப்போர்ட் வந்தது. பெருமாளின் ரத்தத்தில் பொட்டாசியம் அபாயமான அளவுக்கு இறங்கியிருந்தது. இதயம் தடுமாறி நின்றுபோகலாம். அது அந்தப் புது மாத்திரை செய்கிற வேலை. மாத்திரையே வாங்காதவருக்கு அது எப்படி வரும்? சுப்பையாவுக்கோ குறைந்துகொண்டிருந்த நோய் மறுபடி ஏறுமுகம். குழாய்களில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று எனக்குச் சந்தேகம். ரத்த வகையை வைத்துச் சரிபார்த்தோம், குழாய் மாறவில்லை. பெருமாளின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. என் நெறியாளர் நாற்காலியை விட்டு எழுந்தார்: “நின்னு யோசிக்காதம்மா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு நீயும் கிளம்பு. ஆள் உயிரோட இருந்தா அப்புறம் காரணம் கேப்போம்.”

பொடி மாத்திரை

முந்தின நாள் மழை. கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடவில்லை; செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். பெருமாள் கால் வீங்கி, எழுந்து உட்கார முடியாமல் கட்டிலில் கிடந்தார். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுதான் மருமகள் அழுதுகொண்டே சொன்னாள். அவளுடைய அப்பா தினமும் பெரிய மாத்திரை இரண்டில் ஒன்றை அவள் கையில் மாமனாருக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். பெண் வீட்டிலிருந்து வந்த சீரைத் திருப்பினால் சம்பந்தி மனசு நோகும் என்று இவரும் விழுங்கியிருக்கிறார்.

பொட்டாசியம் இறங்காமல் பிடித்து நிறுத்துவதே அந்தச் சின்ன மாத்திரைதான். கொடுத்ததுதான் கொடுத்தீர்கள், அதை ஏன் கூட அனுப்பவில்லை என்று, செய்தி கேட்டு ஓடிவந்த சுப்பையாவிடம் கத்தியேவிட்டேன். அவர் சொன்னார்: “அந்தப் பொடி மாத்திரையப் போயி சம்பந்தி வீட்டுக்கு எப்படித் தாயி அனுப்ப? மதிப்பா இருக்காதுல்லா.”

எதிரே ஒரு ஆள்

பெருமாள் பிழைத்தார். இனி சுப்பையா. நடந்ததை ஆராய்ச்சியை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுவிடம் சொன்னால் அவருக்கு மாத்திரையை நிறுத்திவிடலாம். சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னொரு ஊரில் இப்படிப் பங்கு வாங்கி இன்னொருவர் சாகலாம். சொல்லிவிட்டேன். நெறிமுறைக் குழு ஒரு நிபந்தனை போட்டது: தினமும் ஒருவர் எதிரே உட்கார்ந்து, முழு அளவையும் விழுங்க வைத்து, எங்களுக்குப் போன் செய்தால் மாத்திரை தொடரலாம், மனைவியோ மகளோ சொன்னால் செல்லாது.

தன்னால்தான் சம்பந்தி சாகக் கிடந்தார் என்று சுப்பையா டப்பாவையே தொடவில்லை. பல ஊர்களைப் பார்க்கும் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவால் தினமும் வர முடியாது. ஆள் கிடைக்காமல் நான் தவித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் போன் வந்தது. மாத்திரை கிடைக்காத அதே பெருமாள்! “தாயி, சம்பந்திக்கு எதுத்தாப்புல உக்காந்துதான் பேசுதேன். ரெண்டு பெருசும் அந்தப் பொடியும் உள்ள போயிட்டுது, வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்துட்டேன். அழுதுக்கிட்டே முழுங்குதாவ. நாளைக்கும் வாரேன்னு சொல்லிட்டேன்.”

ஆகவே சக பாவிகளே, ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க இத்தனை வருடமா என்று உங்கள் வீட்டில் கேட்டால், நோயாளிக்குச் சம்பந்தி உண்டா என்று விசாரிப்பதிலேயே பாதிக் காலம் போய்விடுகிறது என்று தைரியமாகச் சொல்லுங்கள்.