நைனா வீட்டில் விருந்தினர் கணக்கு

ஜமுனாமரத்தூர் கடைத்தெருவிலிருந்து சற்றுத் தள்ளி, சரிவில் இருக்கிறது என் தந்தையின் வீடு. மலைப்பாதை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். அம்மா இறந்த பிறகு அவரை வேலூருக்கு, என் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லிப் பலமுறை கேட்டுவிட்டேன்.

"அங்க வந்து இன்னா பண்றது? பால்கனில நின்னு எதுத்த பால்கனியப் பாக்கறதா?" என்று பேச்சை முடித்துவிடுவார்.

போன் செய்தாலும் எடுக்க மாட்டார். கேட்டால் மலையில் சிக்னல் இல்லை என்பார். அந்தச் சிக்னல் இல்லாத போனில்தான் பழைய டிரைவர்களோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து அவருக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. கட்டுப் போட்டு, கட்டும் பிரித்து, பழையபடி கடைத்தெருவுக்குப் போய்வர ஆரம்பித்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. வீட்டில் கேமரா வைத்துவிடுவதென்று அன்றைக்கு முடிவு செய்தேன். அவரிடம் காரணத்தை மட்டும் மாற்றிச் சொன்னேன். ஊரில் கிணற்று மோட்டார் ஒயரைத் திருடுகிறார்களாம் என்றேன்.

"ஒயரத் திருடறவன் கிணத்தாண்ட வருவான். ஹால்ல எதுக்கு கேமரா?"

"அவன் ஹால் வழியா வந்துட்டா?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல் நடிக்கிறவர்களை இருபது முப்பது வருஷம் பார்த்த கண். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

கேமரா பொருத்த ஓர் இளைஞர் போளூரிலிருந்து பைக்கில் வந்தார். எல்லாவற்றுக்கும் "முடிச்சிடலாம் மேடம்" என்கிற ரகம். கேட், ஹால், பின்பக்கம் துவைக்கிற கல், கிணறு என்று நான்கு இடத்தில் பொருத்தி, ஒயர்களையெல்லாம் டிவிக்குக் கீழே ஒரு ரெக்கார்டரில் கொண்டுவந்து சேர்த்தார். டிவியில் நான்கு கட்டங்களாக வீடு தெரிந்தது. அதை வேலூரில் என் போனில் பார்ப்பதுதான் பாக்கி. சிம் போட்ட ரூட்டர் ஒன்றை வாங்கிப் போயிருந்தேன். வீட்டுக்குள் எங்கே வைத்தாலும் அதில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. கடைசியில் அதை ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டதும் பச்சை வந்தது. அதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆப்பில் சேர்ப்பதை நானே போனில் செய்துகொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

மறுநாள் அதிசயமாக நைனா போனை எடுத்தார். ரெக்கார்டரைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைப் படிக்கச் சொன்னேன்.

"எழுத்தும் நம்பருமா கலந்து கீது. மொதல்ல ஒரு முட்ட."

"முட்டையா, ஓ எழுத்தா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் கீது. எது வேணுமோ போட்டுக்க."

முட்டையாகப் போட்டுப் பார்த்தேன், ஓ எழுத்தாகப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவதை ஆப் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டு ஒரு தகவலும் சொன்னது. இந்த ரெக்கார்டர் ஏற்கெனவே வேறொருவர் கணக்கில் இருக்கிறதாம்.

போளூர்க்காரரைக் கூப்பிட்டேன். "ஆமா மேடம், டெஸ்ட் பண்றதுக்கு என் போன்ல சேர்த்தேன். நீங்க கவலப்படாதீங்க, உங்களுக்கு ஷேர் பண்ணி வுட்டுடறேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் என் போனில் வீடு தெரிந்தது. ஹாலில் நைனா நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அதுவரை பட்ட பாடெல்லாம் மறந்துவிட்டது. படத்துக்குக் கீழே 'விருந்தினர்' என்று என்னைக் குறித்திருந்ததைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உரிமையாளர் என்ற இடத்தில் போளூர்க்காரரின் நம்பர் இருந்தது.

ஒரு வாரம் ஆபீசில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் ஆப்பையும் திறந்தேன். முதல் இரண்டு நாள் நைனா ஹாலில் தெரிந்தார். பிறகு ஹாலில் நாற்காலியே இல்லை. கேமராவின் பார்வை எங்கே முடிகிறது என்று டிவியைப் பார்த்துக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார். சில மதியங்களில் அவருடைய கால் கட்டைவிரல் மட்டும் தெரியும். அது அசைந்தால் நான் நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

அந்த மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பேச்சுவாக்கில் நைனா சொன்னார். "அந்தத் தம்பி நல்ல புள்ள. கேட்டு தொறந்து கெடந்தா ஒடனே போன் பண்ணிடுவான்."

"எந்தத் தம்பி?"

"கேமரா மாட்டுனானே. நேத்து கூட, ஐயா, மழ வர்ற மாதிரி கீது, கொடியில துணி கெடக்குதுன்னு சொன்னான்."

அன்று காலையில் பின்பக்கக் கேமராவுக்குக் கீழே, துவைக்கிற கல்லில்தான் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகித் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உடனே போளூர்க்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவர் பதறிப்போனார். "ஐயோ மேடம், தப்பா நெனைக்காதீங்க. நீங்க வந்திருக்கறதே தெரியாது. டீ குடிக்கறப்ப சும்மா ஐயா வூட்டப் பாப்பேன், அவ்ளோதான்." பின்பக்கத்துக் கேமராவை அன்று பார்க்கவேயில்லை என்று சத்தியம் செய்தார். ரெக்கார்டரின் பாஸ்வேர்டைக் கேட்டேன். சொன்னார். ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக.

"எல்லா வூட்டுக்கும் இதேதான் மேடம் வெப்பேன். மறக்கக் கூடாதில்ல."

ரெக்கார்டரில் மவுஸைச் செருகி, டிவியைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு மெனுவாகத் தேடினேன். பழைய கணக்கைத் துண்டிக்கும் இடம் நெட்வொர்க் பகுதிக்குள் ஒளிந்திருந்தது. துண்டித்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். துவைக்கிற கல்லுக்கு மேலிருந்த கேமராவை ஏணி வைத்துக் கொல்லை வேலிப் பக்கம் திருப்பினேன். என் போனில் மறுபடி சேர்த்தபோது 'உரிமையாளர்' என்று வந்தது. நைனா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே யாரு பாப்பாங்க?"

"நான் மட்டும்தான் பாப்பேன் நைனா."

"நீ ஆபீஸ்ல இருப்பியே" என்றார்.

வேலூருக்குத் திரும்பிய இரண்டாவது வாரம், மதியம் ஆப்பைத் திறந்தால் கேட் அகலமாகத் திறந்து கிடந்தது. யாருடைய ஆடுகளோ உள்ளே புகுந்து அவரைக்கொடிப் பந்தலை மேய்ந்துகொண்டிருந்தன. படம் துல்லியமாக இருந்தது. ஓர் ஆடு முன்னங்காலைத் தூக்கிப் பந்தலில் வைத்துக்கொண்டு பூவோடு சேர்த்து இழுத்துத் தின்றது. உரிமையாளராக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நைனாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். ஹால் கேமராவில் கட்டைவிரல் அசைந்துகொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் போளூர்க்காரரைக் கூப்பிட்டேன். நான் போட்ட சத்தத்துக்கு அவர் எடுப்பாரா என்றே சந்தேகமாக இருந்தது. எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு நிமிஷம் மேடம்."

கட்டைவிரல் மறைந்தது. அடுத்த கட்டத்தில் நைனா போனைக் காதில் வைத்தபடியே கையில் ஒரு கழியோடு வந்து ஆடுகளை ஓட்டினார். ஓட்டி முடித்தும் போனை வைக்கவில்லை. பந்தலடியில் நின்று சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவரே என்னைக் கூப்பிட்டார். ஏன் என் போனை எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"அவன் எடுத்த ஒடனே சேதியச் சொல்வான். நீ எடுத்த ஒடனே மாத்திர போட்டியா, சாப்ட்டியா, ஏன் எளச்சிட்டேன்னு கேப்ப. ஆடு மேயறப்ப அதெல்லாம் கேட்டுக்கினு இருக்க முடியுமா?"

ஆடு மேய்வது அவருக்கு அப்போது தெரியாதே என்று நான் வாதாடவில்லை. மறுநாள் கேட்டையும் கிணற்றையும் மட்டும் போளூர்க்காரருக்கு ஷேர் செய்தேன். இப்போது அவர் விருந்தினர். "தேங்க்ஸ் மேடம். ஹாலு எனக்கு வேணாம், அங்க ஐயா எங்க தெரியறாரு?" என்று பதில் போட்டிருந்தார். இது முறையான ஏற்பாடு இல்லை என்று எனக்குத் தெரியும். இதைக் கேட்ட ஆபீஸ் தோழி தலையில் அடித்துக்கொண்டாள்.

நானும் போன் பேசுகிற முறையை மாற்றிக்கொண்டேன். போன வாரம் கூப்பிட்டபோது இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"இன்னா, கேட்டு தொறந்து கீதா?"

கேட் பூட்டியிருந்தது. பூட்டுகூட எனக்குத் தெரிந்தது.

"ஆமா நைனா, கொஞ்சமா தொறந்திருக்கு. போய்ப் பாரேன்" என்றேன். அவர் பேசிக்கொண்டே எழுந்து படத்துக்குள் நடந்து வந்தார். கொஞ்சம் இளைத்துத்தான் இருந்தார்.