பலெர்மோ அரண்மனையின் இரண்டு படிக்கட்டுகள்

இந்த மே மாதம் மொன்றியலில் இருந்து இத்தாலியின் பலெர்மோவுக்குப் போய்வந்தேன். என் கணவரின் தங்கை மலர் அங்கே இருக்கிறாள். அவளுடைய இளைய மகளுக்குக் கல்யாணம். நான் அரண்மனை பார்க்க மட்டுமே வருகிறேன், கல்யாணத்துக்கு இல்லை என்று மகள் சுதாவிடம் விமானம் ஏறும்போதே சொல்லிவிட்டேன். மூத்தவளின் கல்யாணத்துக்கு மலர் மொன்றியல் வந்து, வில்லரே பகுதியில் என் தெருவில் எல்லா வீட்டுக்கும் நேரில் போய் அழைப்புச் சொன்னாள். எனக்கு மட்டும் ஃபோன். அதை மறக்க முடியுமா?

ரயில் நிலையத்தில் இருந்து அரண்மனைக்கு இருபது நிமிட நடை. நுழைவு பன்னிரண்டு யூரோ. வெளியே பழைய அரசாங்கக் கச்சேரிக் கட்டடம் மாதிரி இருக்கும், பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். உள்ளே குதிரைவண்டி திரும்புகிற அளவு முற்றம். கோடியில் சிவப்புப் பளிங்குப் படி, இரண்டாகப் பிரிந்து மேலே ஒன்றுசேர்கிறது. கீழே குதிரைகள், மேல்மாடியில் பிரபுக்கள், அப்படித்தான் கட்டினார்களாம். நடன மண்டபத் தரை முழுக்கப் பூவேலை ஓடு. கூரையில் மேகமும் தேவர்களும். போரில் குண்டு விழுந்த மூலை மட்டும் வெறும் வெள்ளை. பிரபுவின் குடும்பம் நொடித்து, பாதியை விற்று, மீதியை டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள்.

நான் கூரையைப் பார்த்து நிற்க, சுவரில் படம் வரைந்த பலகை ஒன்று கதவாகத் திறந்தது. வாளியோடு மலர்! அவளுக்கு அங்கேதான் துப்புரவு வேலை என்று சுதா வாய் திறக்கவில்லை.

"மச்சாள்! நீங்களோ?"

"டிக்கெட் எடுத்துத்தான் வந்தனான். கலியாண வீட்டுக்காரிக்கு இங்க என்ன வேலை?"

"லீவு நாளைக்குத்தான் துடங்குது."

கதவுக்குப் பின்னால் வேலைக்காரர் படி. விருந்தினர் கண்ணில் படாமல் ஏறி இறங்கக் கட்டியது. ஒடுக்கம், இருட்டு, சுழன்று சுழன்று போகிறது. நான்கு படி இறங்கி ஏறினேன். மூச்சு வாங்கியது.

"இதால ஏறி இறங்கித்தான் முழங்கால் பழுதாப் போட்டுது," என்றாள் மலர். "அண்டைக்கு உங்கட வாசலுக்கும் வந்தனான், மச்சாள். மூண்டாம் மாடிக்கு வெளியால அந்த இரும்புப் படி. ஏலாமத் திரும்பிப் போய்த்தான் ஃபோன் எடுத்தனான்."

"கீழ நிண்டு கூப்பிட்டிருந்தா நான் இறங்கி வந்திருப்பனே!"

"வெக்கமாக் கிடந்தது."

வாளியை வைத்துவிட்டு, பளிங்குப் படியில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். முற்றத்தில் நின்று, படியின் உச்சியில் நின்ற என்னை அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்: "மச்சாள்! ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின்ர கலியாணம். கட்டாயம் வரவேணும்!"

படம் எடுத்துக்கொண்டு நின்ற வெள்ளைக்காரர் எல்லாரும் திரும்பினார்கள். நான் இறங்கிப் போய், "ஓம், வாறன்" என்றேன்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். சுவர்க் கதவைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். முழங்கால் நோவுள்ளவர்கள் அந்தப் படியை எட்டிப் பார்த்தால் போதும். அந்த ஃபோனை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, இரண்டாம் தரமும் சோறு கேட்டுச் சாப்பிட்டேன்.