வேப்பமரத்தின் மேல் சித்தப்பா

கல்யாண வீட்டில் யாராவது மைக்கை நீட்டினால் இன்றைக்கும் நான் முதலில் பக்கத்து மரத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பேன். ஒன்பது வயதில் மைக்கில் ஒரே ஒரு தடவை பேசியவன் நான். பேசி முடித்த கையோடு சித்தப்பாவைக் கொன்றுவிட்டதாக முடிவும் செய்துவிட்டேன்.

அப்போது திண்டிவனத்திலிருந்து கெடாரில் சித்தப்பா வீட்டுக்கு லீவுக்குப் போயிருந்தேன். சித்தப்பா பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரர்; வீட்டிலிருந்தே ரேடியோவில் வெளிநாட்டுக்காரர்களோடு பேசுவார். வேப்பமரத்துக்கும் கிணற்றடித் தென்னைக்கும் நடுவே ஒரு செம்புக் கம்பி, அதுதான் ஆன்டெனா. அதிலிருந்து கறுப்புக் கேபிள் ஒன்று ஜன்னல் வழியாக அறைக்குள் இறங்கும். வருஷத்துக்கு ஒரு போட்டி. அன்று முழுக்க உலகத்தில் எத்தனை பேரைப் பிடித்துப் பேசுகிறோமோ, அத்தனை பேரையும் நோட்டில் எழுதி அனுப்பவேண்டும். சித்தப்பா தனி ஆள் பிரிவு. கூப்பிடுவது, கேட்பது, எழுதுவது எல்லாம் அவரேதான். இன்னொருவர் மூச்சுகூட மைக்கில் படக்கூடாது. மூன்று வருஷமாக இரண்டாவதாகவே வந்துகொண்டிருந்தவர், அந்த வருஷம் சான்றிதழுக்காகச் சுவரில் முன்கூட்டியே ஆணி அடித்துவைத்திருந்தார்.

போட்டி நாள் மத்தியானக் காற்றில் வேப்பமரத்துக் கயிறு தளர்ந்து கம்பி தொய்ந்தது.

"எதையும் நோண்டிக்கினு இருக்காத. இழுத்துக் கட்டிட்டு ஜல்தியா வர்றேன்" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சித்தப்பா மரம் ஏறினார்.

நான் நோண்டவில்லை. ஹெட்போனை மட்டும் மாட்டிக்கொண்டேன். உள்ளே கடல் இருந்தது. இரைச்சல் அலையலையாக வந்து போனது. யாரோ விசிலடித்தபடி தண்ணீருக்கடியில் நடந்துபோனார்கள். கண் சொக்கிய நேரத்தில், அந்த இரைச்சலின் அடியிலிருந்து ஒரு குரல் சித்தப்பாவைக் கூப்பிட்டது. அரசாங்கம் அவருக்குக் கொடுத்த, எழுத்தும் எண்ணும் கலந்த பெயரைச் சொல்லி மறுபடி மறுபடி கூப்பிட்டது. ஏதோ தீவிலிருந்து நனைந்துகொண்டே வந்து வாசலில் நிற்பவரைப் போலிருந்தது. வந்தவரைப் பதில் சொல்லாமல் நிறுத்திவைக்கலாமா? மைக்கை அழுத்தினேன்.

"சித்தப்பா மரத்து மேல இருக்காரு. வந்துடுவாரு, இருங்க."

குரல் சிரித்தது. "ஓகே, ஓகே" என்றது. என் ஆங்கிலத்துக்கு அவ்வளவுதான் எட்டியது.

அப்புறம்தான் அந்த ஞாபகம் வந்தது. மைக்கை அழுத்தினால் கம்பியில் பவர் ஏறும், தொட்டால் சுட்டுவிடும் என்று சொன்னவரே சித்தப்பாதான். வெளியே ஓடினேன். கிளையில் சித்தப்பா கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். முகம் வானத்தைப் பார்த்திருந்தது. செத்தவர் ஏன் இன்னும் விழவில்லை என்று யோசிக்கிற நிதானமெல்லாம் எனக்கு இல்லை.

"சித்தி! சித்தப்பா செத்துட்டாரு! நான்தான் கொன்னுட்டேன்!"

சித்தி காயவைத்திருந்த மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) மேலேயே விழுந்து புரண்டேன். அவர் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவர, மேலிருந்து பிணம் பேசியது.

"இன்னாடா கூவிக்கினு இருக்க? பருந்து ஒண்ணு வட்டம் போடுது, பாத்துக்கினு இருந்தேன்."

"பருந்து பாக்கறதுக்கா மரம் ஏறுனீங்க? எறங்குங்க கீழ, புள்ள பயந்து கெடக்குது!" என்றார் சித்தி.

இறங்கி வந்தவரிடம் விக்கலுக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் புடிச்சது நைலான் கயிறுடா, அதுல பவரு வராது" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"மைக்குல பேசுனியா?"

தலையாட்டினேன். ஆன்டெனாவை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு என் தலைமுடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"மரியாதையாதான் பேசியிருக்க, போ."

தீவுக்காரர் இன்னும் காத்திருந்தார். அவரோடு பேசி எழுதிய பிறகும் சித்தப்பா சாயங்காலம் வரை ஒருவரையும் விடாமல் பதில் சொன்னார். காலையில் இருந்த அவசரம் மட்டும் இல்லை. நடுநடுவே எனக்கு மல்லாட்டை உரித்துக்கொடுத்தார்.

நோட்டைப் படியெடுத்து அனுப்பும்போது, 'தனி ஆள்' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'சரிபார்க்க மட்டும்' என்று எழுதினார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"நம்மகிட்ட பேசுனவங்க எழுதுனது சரியான்னு இத வெச்சித்தான் பாப்பாங்க. அவங்களுக்கு மார்க்கு கெடைக்கும், நமக்குக் கெடையாது."

உலகத்துக்கே பேப்பர் திருத்துகிற உத்தியோகம் சித்தப்பாவுக்குக் கிடைத்துவிட்டது என்று திண்டிவனம் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த லீவுக்குப் போனபோதும் ஆணி காலியாகத்தான் இருந்தது. என் சட்டை மாட்டுவதற்காகவே சித்தப்பா அடித்துவைத்திருக்கிறார் என்று நினைத்து, சந்தோஷமாக மாட்டினேன்.