ஒரு சாண் தள்ளி

வலக்கை சின்னக் கொட்டாப்புளியால் தட்டுகிறது. இடக்கை, தட்டும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு மூங்கில் குச்சியை ஊன்றிப் பிடித்திருக்கிறது. குச்சியின் மறுநுனி பல்லுக்கிடையில். தட்டுவது பெருமாள் வாகனத்தைத் தூக்கும் பதினெட்டு முழத் தேக்குத் தண்டை. ஒரு விரற்கடை நகர்ந்து மறுபடி ஒரு தட்டு. பல் வழியாக மண்டைக்குள் இறங்கும் அதிர்வில் மரம் எதையும் மறைக்க முடியாது என்பது கண்ணாயிரம் ஆசாரியின் தீர்மானம்.

முன்பெல்லாம் குச்சி கிடையாது. ஒருவர் அந்த முனையில் தட்ட, இவர் இந்த முனையில் காதை வைப்பார். இப்போது தட்ட ஆள் வருவதில்லை.

அறுபத்தேழாம் வருஷம் கருடசேவைக்கு முந்தின நாள், "இந்தத் தண்டு தாங்காதுபா" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. மறுநாள் கோபுர வாசலிலேயே தண்டு முறிந்து புறப்பாடு நின்றது. தூக்கினவர்களில் ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு நொறுங்கியது. ஊர் மரத்தைப் பற்றிப் பேசவில்லை. "ஆசாரி வாய வெச்சாரு, முறிஞ்சிச்சி" என்றது. அன்றிலிருந்து அவருக்குக் கருநாக்கு.

தறிக்காரர்கள் காலையில் பாவு நீட்டியிருக்கும் தெருவில் அவர் நுழைவதில்லை. இழை அறுந்தால் பழி யார் மேல் என்று தெரியும். டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால், பெண்ணுக்கு வரன் பார்த்த பேச்சு சட்டென்று மழைக்கு மாறிவிடும். ஓரிக்கையில் தங்கை கமலாட்சி புது வீட்டுக்கு நிலை வைத்தபோது வேறு ஆசாரியைக் கூப்பிட்டாள். மறுநாள் தூக்கில் பாயசத்தோடு வந்தாள். "கோச்சிக்காதண்ணா, அவங்க வீட்ல பயப்படறாங்க." பாயசம் நன்றாக இருந்தது என்கிறார் கண்ணாயிரம்.

தண்டு பார்க்க மட்டும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். பார்த்ததைச் சொல்லத்தான் கூடாது.

இந்த வருஷம் நாலாவது முழத்தில் பல் கூசியது. பித்தளைத் தகடு போர்த்திய இடம். போன வருஷம் மண்டபத் தூணில் இடித்த அதே இடம். கோயில் மணியக்காரர் ராஜகோபாலிடம் போனார்.

"தகட்ட ஒரு முழம் பிரிச்சிப் பாத்துடலாங்க. உள்ளார விரிசல் எவ்ளோ போயிருக்குதுன்னு தெரிஞ்சிடும்."

"விடிஞ்சா புறப்பாடு. பிரிச்சத யாரு திரும்ப அடிக்கிறது? வருஷா வருஷம் தூண்ல இடிச்சிக்கினுதான் இருக்குது. எந்த வருஷம் நின்னு போச்சி?"

அந்த ஒரு வருஷத்தை இருவருமே சொல்லவில்லை.

"இன்னொரு வாட்டி வாய வெச்சிடாதீங்க ஆசாரியாரே." மணியக்காரர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கண்ணாயிரம் தனியாளாகத் தண்டைப் புரட்டி, அடிபட்ட பக்கத்தை மேலே கொண்டுவந்தார். பளு ஏறினால் மேல்பக்கம் நெருங்கும். வாய் பிளப்பது கீழ்ப்பக்கம்தான். அந்த இடத்தைத் தாம்புக் கயிற்றால் இறுக்கிச் சுற்றினார். இது போதுமா? தகட்டுக்குள் பார்க்காமல் அவரால் சொல்ல முடியாது.

விடியலில் தூக்குகிறவர்கள் வந்தார்கள். முதல் ஆள் வரதராஜன், அன்று தோள் நொறுங்கியவரின் தம்பி. பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதுபோல, தன் துண்டை நாலாக மடித்துத் தண்டின்மேல் போட்டு இடம் பிடித்தார். சரியாக அந்தக் கயிற்றுச் சுற்றின்மேல்.

"இன்னா ஆசாரி, இந்த வாட்டி ஒண்ணும் சொல்லலியா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

கண்ணாயிரம் கிட்டே வந்தார். துண்டை எடுத்தார். ஒரு சாண் தள்ளிப் போட்டு, கையால் ஒருமுறை நீவிவிட்டு, தண்டை அவர்கள் கையில் கொடுத்தார்.