பாட்டிலில் அடைத்த ஜின்

அப்சலுக்கு நாற்பத்திரண்டு வயது. திருவண்ணாமலையில் அவன் நடத்தும் நாட்டு மருந்துக் கடையின் போர்டில் இன்றைக்கும் தகப்பனார் பெயர்தான்: ஜியாவுல்லா. அவர் போய் இருபது வருடமாகிறது. போர்டு மட்டும் கெட்டித் தகரம். வருகிறவர்கள் அப்சலையே 'ஜியாவுல்லா பாய்' என்று கூப்பிடுவார்கள், அவனும் திரும்பிப் பார்ப்பான்.

ஆனால் மூக்கு அவனுடையது. நன்னாரியை மோந்தால் போதும், ஜவ்வாது மலையா ஆந்திராவா என்று சொல்லிவிடுவான். அந்த மூக்கைத்தான் பள்ளித் தோழன் கலையரசன் தேடி வந்தான். கோவாவில் ஒரு மது ஆலையில் அவனுக்கு வேலை. நண்பர்களோடு சேர்ந்து, சொந்த ஊர் மணக்கிற ஜின் ஒன்றை அங்கே வடிக்க ஆசை.

"நீ குடிக்க வேணாம்டா, மோந்து சொல்லு போதும்."

குடிக்கக் கூடாது, சரி. மோந்து பார்க்கலாமா? யாரையாவது கேட்கலாம் என்றால், எதற்குக் கேட்கிறாய் என்பார்களே. பாவமா வியாபாரமா என்று பிடிபடாமலேயே நன்னாரி, வெட்டிவேர், எலுமிச்சைத் தோல் என்று பொட்டலம் கட்டி அனுப்பினான். வீட்டில் மூச்சு விடவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, அப்சல் குளிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது. மனைவி குர்ஷித் பேகம் எடுத்தாள். அவள் ஹலோ சொல்வதற்குள் கலையரசன் கொட்டித் தீர்த்துவிட்டான்.

"அப்சல், ஜின்னு வந்துடுச்சுடா. பாட்டில்ல அடைச்சு மூடிட்டோம். மேல உன் பேரத்தான் எழுதப் போறோம்."

அதற்குப் பிறகு வீட்டில் நடந்த எதுவும் அப்சலுக்கு விளங்கவில்லை. தர்காவிலிருந்து தாயத்து வந்து அவன் கையில் ஏறியது. டீக்கு முன்னால் ஓதிய தண்ணீர் வந்தது. அத்தர் பாட்டில்கூடப் பரணுக்குப் போய்விட்டது. சரக்கு விஷயம் தெரிந்திருந்தால் திட்ட வேண்டியவள் எதற்கு அழுகிறாள்?

நாலாம் நாள், போனில் கேட்டதை அவளே சொன்னாள். "நெருப்புல படைச்சத புடிச்சி அடைச்சா சும்மா வுடுமாங்க? உங்க பேரு வேற எழுதறாங்களாமே."

அப்போதுதான் உறைத்தது. இவள் பயந்தது கண்ணுக்குத் தெரியாத ஜின்னுக்கு, ஆளைப் பிடிக்கும் ஆவிக்கு. அப்படியே விட்டுவிட்டால் அவன் தப்பிக்கலாம். ஆனால் நாலு நாளாக அவள் கண் மூடவில்லை.

"அது அந்த ஜின்னு இல்ல குர்ஷித். அது சரக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று பெருமூச்சு விட்டவள் பாதியில் நிறுத்தினாள். "சரக்கா?"

எல்லாவற்றையும் சொன்னான். பேர் எதற்கு என்று அவள் கேட்டபோது மட்டும் குனிந்து கைத் தாயத்தைத் திருகினான். "என் பேர யாரும் எங்கயும் எழுதினதில்ல" என்றான். அவள் போனை எடுத்து நீட்டினாள். கலையரசனிடம் பேரை எடுத்துவிடச் சொல்லிப் போனை வைத்தபோது, வந்தது நிம்மதியா வருத்தமா என்று அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் கடை வாசலில் பெயின்டர் ஏணி போட்டிருந்தார். வீட்டம்மா அனுப்பியதாகச் சொன்னார். தகப்பனார் பெயருக்குக் கீழே பச்சை எழுத்தில் 'அப்சல்' ஏறியது. அப்சல் தெருவில் நின்று நாலைந்து தடவை படித்தான்.

மாலையில் வழக்கமாக வரும் ஆதிமூலம் போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஜியாவுல்லா பாய், யாருங்க இந்த அப்சலு?"